நுரையக்காவின் ஆரஞ்சு பீர்

அந்தச் சின்ன பீர் ஆலையில் எல்லோரும் அவளை நுரையக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பாட்டில் கழுவும் வேலைக்கு வந்தவள், போகப்போகக் காய்ச்சும் அண்டாவுக்கே பொறுப்பாகிவிட்டாள். அம்மா போன பிறகு தங்கையை வளர்த்துப் படிக்க வைத்ததும் அந்தச் சம்பளத்தில்தான். கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் தங்கை ஒரு நிலைக்கு வரட்டும் என்று தள்ளிப் போட்டாள். பிறகு யாரும் கேட்கவில்லை.

அவளுக்கென்று ஒரு ஆசை இருந்தது. வெயில் காலத்தில் தாகத்துக்குக் குடிக்கிற மாதிரி, தலைக்கு ஏறாத, லேசான ஒரு பீர். விடுமுறை நாட்களில் வீட்டுச் சமையலறையிலேயே முயன்று பார்த்தாள். எலுமிச்சை போட்டால் வெறும் புளிப்பு. ஆரஞ்சுத் தோலைக் கொதிக்கவிட்டால் கஷாயம் மாதிரி கசந்தது. ஒரு தடவை பாட்டில் மூடி பிய்த்துக்கொண்டு கூரையில் போய் அடிக்க, அக்காவும் தங்கையும் தரையில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தார்கள். கடைசியில் வழி பிடிபட்டது. வெள்ளைப் பகுதி படாமல் மேல்தோலை மட்டும் சீவி, எல்லாம் ஆறிய பிறகு, துளி உப்போடு போட வேண்டும். விரல் எரிகிறது என்று சிணுங்கிக்கொண்டே சீவிக் கொடுத்தவள் தங்கை. அந்தப் பக்குவம் அவர்கள் இருவருக்குத்தான் தெரியும். முதலாளியிடம் நல்ல நேரம் பார்த்துச் சொல்லலாம் என்று இருந்தாள் அக்கா. அதற்குள் தங்கைக்கு ஒரு பெரிய பீர் கம்பெனியில் வேலை கிடைத்து, தனி வீடு பார்த்துப் போய்விட்டாள்.

அடுத்த கோடையில் ஆலையில் சரக்கு தேங்கியது. முதலாளி ஒரு புது பாட்டிலைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள், குடித்துப் பார்த்துச் சொல்லுங்கள் என்றார். வியர்த்து விறுவிறுத்து நின்ற நுரையக்கா ஒரு வாய் குடித்தாள். முதலில் ஆரஞ்சு மணம். தொண்டையில் சில்லென்று இறங்கிய பிறகு, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத உப்பு. அது அவளுடைய பீரேதான். அதைவிடக் கொடுமை, பீர் அருமையாக இருந்தது.

பாட்டிலில் தங்கையின் கம்பெனி பெயர். இதை எப்படிச் செய்திருப்பார்கள் என்று முதலாளி கேட்டதற்குத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டாள்.

அன்று மாலையே தங்கை வீட்டுக்குப் போனாள். தங்கை மறுக்கவில்லை. வேலை ஆட்டம் கண்டிருந்த நேரம், புதுச் சரக்குக்கு யோசனை கேட்டார்கள், சொல்லிவிட்டேன் என்றாள்.

"நீ எப்படியும் அதை வெளியில கொண்டு வரப் போறதில்லையேக்கா."

"கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேன்டி."

"குடுத்திருப்ப. அப்புறம் காலம் பூரா, எல்லாம் உன்னாலதான்னு நான் நினைச்சுக்கிட்டே இருக்கணும். இப்பவே அப்படித்தானே இருக்கேன்."

நுரையக்காவுக்கு அதற்குப் பிறகு பீர் போனதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. தான் பார்த்துப் பார்த்துச் செய்ததெல்லாம் இவளுக்குச் சுமையாக இருந்திருக்கிறது, அதை இத்தனை காலம் வாய் திறந்து சொல்லவில்லையே என்றுதான் இருந்தது. தங்கை கொண்டுவந்து வைத்த தண்ணீரைத் தொடாமல் எழுந்து வந்தாள்.

சில வாரங்களில் முதலாளி அதே மாதிரி ஒன்று காய்ச்சச் சொன்னார். மறுக்க அவளிடம் சொல்லிக்கொள்ளும்படி ஒரு காரணமும் இல்லை. காய்ச்சினாள். நன்றாகவே ஓடியது. ஒரு மதியம், விற்பனை முகப்பில் குடித்துக்கொண்டிருந்த ஒருவர், "அவங்களைப் பார்த்துக் காப்பியடிச்சிருக்கீங்க. ஆனா மோசமில்ல," என்றார். அவள் சிரித்து வைத்தாள்.

தங்கை இப்போதும் போன் செய்கிறாள். அக்காவும் எடுக்கிறாள். உடம்பு எப்படி, சாப்பிட்டாயா என்று விசாரிக்கிறாள். முன்பெல்லாம் போனை வைக்க மனசே வராது. இப்போது, அடுத்து என்ன கேட்பது என்று யோசித்து யோசித்துப் பேசுகிறாள்.