தைக்கக் கூடாத கிழிசல்

கடைத்தெருவில் 'கிழிசல் அக்கா' என்றால்தான் அவளைத் தெரியும். தையற்கடையின் பின்னறையில் பதினோரு வருஷமாகக் கிழிந்த துணிகளோடு மல்லுக்கட்டுகிறவள். அதே துணியின் மடிப்பிலிருந்து நூலை உருவி, கிழிந்த இடத்தில் இழை இழையாகக் கோர்த்துவிடுவாள். வாங்க வருகிறவர்கள் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் தேடுவார்கள். "எங்கக்கா கிழிஞ்சிருந்துச்சு?" என்று கேட்டுவிட்டால் போதும், அன்றைக்கு முழுக்க அவளுக்குத் தலைகால் புரியாது.

பத்தொன்பது வயதில், "நான் பொண்ணுதான்" என்று சொன்ன குற்றத்துக்காக அப்பா வீட்டைவிட்டுத் துரத்தினார். அந்தக் கோபமெல்லாம் எப்போதோ ஆறிவிட்டது. இப்போது வாரம் தவறாமல் போன் பண்ணி, "சாப்பிட்டியாம்மா?" என்கிறார். பெற்றவரே 'அம்மா' போட்டு அழைத்தாயிற்று. கடைக்கு எதிரே பஸ் நிறுத்தத்தில் நிற்கும் தடியன்களுக்குத்தான் இன்னும் சந்தேகம் தீரவில்லை! விசில், கைத்தட்டல், 'டேய், இது யாருடா' என்று தினம் ஒரு கூத்து. அவளும் காதில் வாங்காமல் போய்ப் பார்த்தாள், திட்டியும் பார்த்தாள். எருமை மாட்டின் மேல் மழை பெய்த கதைதான்.

அன்று காலை ஒருத்தன் செல்போனில் படம் பிடிக்க, இன்னொருத்தன் அவள் சட்டையின் இடது கையைப் பிடித்து இழுத்தான். தோளருகே கிழிந்து தொங்கியது. நிறுத்தத்தில் இருபது பேராவது இருந்தார்கள். எல்லாரும் பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தார்கள்.

கடைக்குள் வந்து உட்கார்ந்தாள். மனசு சரியில்லை என்றால் அவள் கை ஊசியைத்தான் தேடும். மாற்றுச் சட்டையைப் போட்டுக்கொண்டு, கிழிந்ததை மடியில் வைத்துக்கொண்டாள். கட்டிங் மாஸ்டர் வாசலில் நின்று, "போலீஸ் கீலீஸ்னு போகாதம்மா, நமக்கு எதுக்கு வம்பு?" என்று அரைமணி நேரம் புத்தி சொன்னார். அவர் முடிப்பதற்குள் அவள் தைத்தே முடித்துவிட்டாள். அதையே மாட்டிக்கொண்டு நேராகக் காவல் நிலையத்துக்குப் போனாள்.

"சொல்லுப்பா," என்றார் எழுத்தர்.

"அம்மான்னு சொல்லுங்க சார்."

"சரி, சரி. எங்க கிழிச்சான்?"

தோளைக் காட்டினாள். அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு கிட்டத்தில் வந்து பார்த்தார். "நல்லாத்தானே இருக்கு? எங்க கிழிஞ்சிருக்கு?"

பதினோரு வருஷமாகக் கேட்கும்போதெல்லாம் அவள் மனம் குளிர்ந்த கேள்வி, அன்றைக்குப் பளாரென்று கன்னத்தில் விழுந்தது. நாசமாய்ப் போன பழக்கம்! தன்னிடம் இருந்த ஒரே சாட்சியைத் தன் கையாலேயே மறைத்துவிட்டு வந்திருக்கிறாள்.

"நான் தைச்சுட்டேன் சார்."

"அப்ப நான் என்னன்னு எழுதறது? பசங்க ஏதோ விளையாட்டுக்குப் பண்ணியிருப்பாங்க. பெருசு பண்ணாம வீட்டுக்குப் போ."

"விளையாட்டா?" அவளுக்கு எங்கிருந்துதான் அத்தனை ஆத்திரம் வந்ததோ. பையிலிருந்து சின்னக் கத்தரியை எடுத்து, தோளில் ஓரிழையை வெட்டி, சரசரவென்று உருவினாள். சட்டைக் கை மறுபடியும் வாயைப் பிளந்தது.

"இப்பப் பாருங்க. தையல் விட்டிருந்தா ஓரத்தோட போயிருக்கும். இது நல்ல துணியக் குறுக்கால கிழிச்சிருக்கு. புடிச்சு இழுத்தாத்தான் இப்படிப் போகும். படம் எடுத்தவன் போனையும் வாங்கிப் பாருங்க. எழுதி ரசீது குடுக்காம நான் எந்திரிக்க மாட்டேன்."

சாயங்காலம் நாலு மணிக்குத்தான் எழுதினார். அதிலும் மூன்று இடத்தில் அவளை 'அவன்' என்று எழுதினார். மூன்றையும் அடித்துத் திருத்த வைத்தாள்.

தோள் தெரியக் கடைக்குத் திரும்பியவளைப் பார்த்து மாஸ்டர் பதறிப்போய் ஊசியில் நூல் கோர்த்தார். "குடும்மா, பத்து நிமிஷத்துல முடிச்சுடறேன்."

"தொட்டீங்கன்னா கெட்ட கோபம் வரும் மாஸ்டர்."

சட்டையை மாற்றிக்கொண்டு, கிழிந்ததைக் கடை வாசலில், எல்லார் கண்ணிலும் படும்படி மாட்டினாள். மறுநாள் துணி வாங்க வந்த பெண் கேட்டாள்: "என்னக்கா, இத மட்டும் தைக்காம வச்சிருக்கீங்க?"

எதிரே பஸ் நிறுத்தம் வரைக்கும் கேட்கிற குரலில் அவள் சொன்னாள்: "கிழிச்சவன் வந்து பதில் சொல்லட்டும். அப்புறம் தைக்கறேன்."