அக்கா மூடாத அட்டை

நூலகத்தில் என் அக்காவுக்கு ‘எட்டக்கா’ என்று பெயர். பத்திரிகைகளின் மேலட்டை மூலையில் நான்கும் நான்குமாக எட்டு இலக்கம் இருக்குமே, ஐஎஸ்எஸ்என், அதைப் பார்த்துப் பட்டியல் அட்டையில் பதிவதுதான் அவள் வேலை. ஒரே பெயரில் இரண்டு பத்திரிகை வந்தாலும் அந்த எண் பிரித்துக் காட்டிவிடும். கல்யாணப் பத்திரிகையை நீட்டினால்கூட முதலில் மூலையைத்தான் பார்ப்பாள், மகராசி!

எண்ணே இல்லாத ஒன்றும் அவள் நூலக அலமாரியில் இருந்தது. ரேடியோ பழுது பார்ப்பவர்களுக்காக எங்கள் அப்பா நடத்திய மாதப் பத்திரிகை. முன்னறை முழுக்க மை வாசனை. அப்பா முகவரிகளை நிறுத்தி நிறுத்திச் சொல்ல, அக்கா எழுதுவாள், நான் தபால்தலை ஒட்டுவேன். “நக்கினது போதும், கொஞ்சம் ஒட்டவும் செய்” என்பார். அந்த அறைக்கு இப்போதும் மனசு ஏங்குகிறது. அப்பா போனார், பத்திரிகையும் நின்றது. அக்கா அன்று அழவே இல்லை. கல்நெஞ்சுக்காரி என்று திட்டினேன்.

பிறகு நூலகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தது. “எண் இல்லாததை எல்லாம் பழைய பேப்பருக்குப் போட்டுடுங்க” என்றார் புது அதிகாரி. அப்பாவின் இதழ்கள் வேறெங்கும் கிடையாது. வீட்டில் இருந்ததை மழை கொண்டுபோயிற்று. எனக்கு மூக்குக்கு மேல் கோபம். நேரே அக்காவின் மேசைக்குப் போனேன்.

“ஏதாவது எட்டு இலக்கத்தைப் போட்டுத் தொலையேன்!”

“அடிப் போடி. அது வேற யாரோடதாவது இருக்கும். அப்பாவைத் தேடுறவங்க எவன் வாசல்லயோ போய் நிப்பாங்க.”

எண் தரும் மையத்துக்கு ஏற்கெனவே எழுதிக் கேட்டிருந்தாள். நின்றுபோனதற்கும் தருவார்களாம். தொடங்கிய ஆண்டையும் நின்ற ஆண்டையும் எழுதி அனுப்ப வேண்டும். இவ்வளவுதானே என்று அட்டையை வாங்கிப் பார்த்தேன். தொடங்கிய ஆண்டு, ஒரு சின்னக் கோடு, அப்புறம் வெற்றிடம். இன்னும் வந்துகொண்டிருக்கும் பத்திரிகைக்குத்தான் அப்படி விடுவார்கள். நின்றுபோன எத்தனையோ பத்திரிகைகளுக்கு முடிவு ஆண்டு போட்டவள், இத்தனை காலமும் இதை மட்டும் மூடவே இல்லை.

“போடுக்கா” என்றேன். அட்டையை அவள் முன்னால் திருப்பி வைத்தேன்.

பேனாவை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். ஆண்டை எழுதி முடித்ததும், “அப்பா போயிட்டாருடி” என்று ஓவென்று அழுதாள். படித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டுமே!

எண் வந்த அன்று எனக்குத்தான் முதலில் போன் செய்தாள். எட்டு இலக்கத்தையும் அப்பா முகவரி சொல்வதுபோலவே நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். இந்தத் தடவை நான் எழுதிக்கொண்டேன்.