பதினான்காம் கட்டம்

தெருவில் எல்லோரும் அவரைப் பட்டாளத்தார் என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருஷம் பட்டாளத்தில் இருந்தவர். அங்கே என்ன வேலை பார்த்தார் என்று கட்டின மனைவிக்குக்கூடத் தெரியாது. கேட்டால், ஆபீஸ் வேலைதான் என்பார். நிலவறை ஒன்றில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, எதிரி வயர்லெஸ்ஸில் பேசுவதை ஒட்டுக்கேட்டு எழுதுவதுதான் அந்த ஆபீஸ் வேலை. ஓய்வு பெற்ற அன்று அதிகாரி ஒரு தாளை நீட்டினார். கேட்டதையும் செய்ததையும் பற்றிச் சாகும்வரை யாரிடமும் மூச்சுவிட மாட்டேன் என்று அதில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். போட்டது போட்டதுதான். மனுஷன் அப்படி.

வந்து ஆறு வருஷம் ஆகிவிட்டது. பென்ஷன் வாடகைக்கே சரியாகப் போனது; மனைவி சட்டைக் கம்பெனியில் காலர் தைத்து வீட்டை ஓட்டிக்கொண்டிருந்தாள். அவரோ அரசாங்க வேலைக்கு மனுப் போட்டே தேய்ந்துபோனார். முன்னாள் படைவீரர்களுக்கென்று தனி ஒதுக்கீடு உண்டு, வயதுச் சலுகை உண்டு. காகிதத்தில் எல்லாம் உண்டு. ஒரு வருஷம் அறிவிப்பே வராது. மறு வருஷம் வந்த அறிவிப்பு ரத்தாகும். சலுகையையும் சேர்த்து, வயது வரம்பைத் தாண்ட அவருக்கு இன்னும் இரண்டு மாதம்தான் பாக்கி என்கிறபோது ஒரு விளம்பரம் வந்தது. தீயணைப்புத் துறையின் கட்டுப்பாட்டு அறைக்கு வயர்லெஸ் இயக்க ஐந்து பேர் தேவை, ஐந்து இடமும் முன்னாள் படைவீரர்களுக்கே. அவருக்காகவே அளவெடுத்துத் தைத்தது போன்ற வேலை. இதை விட்டால் ஜென்மத்துக்கும் அரசாங்க வேலை கிடையாது என்பது இருவருக்கும் தெரியும்.

விண்ணப்பத்தில் பதினான்காவது கட்டம்: படையில் செய்த பணிகளை விரிவாக எழுதுக. பட்டாளத்தார் பேனாவை மூடினார், மறுபடி திறந்தார். பிறகு முத்து முத்தான கையெழுத்தில், 'சொல்ல அனுமதி இல்லை' என்று எழுதினார்.

எட்டிப் பார்த்த மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "இப்படி எழுதினா எவன் வேலை தருவான்?"

"கேக்கறதும் கவர்மெண்டு, அன்னிக்குக் கையெழுத்து வாங்கினதும் கவர்மெண்டு. அவங்களுக்குத் தெரியாதா?"

அடப் பாவி மனுஷா! அரசாங்கத்துக்கு ஒரே தலைதான் என்று இத்தனை வருஷம் அதனிடம் சம்பளம் வாங்கிய பிறகும் நம்பிக்கொண்டிருந்தார் பாருங்கள்.

பட்டியல் வந்தது. மூன்றே பேர், அவர் பெயர் இல்லை. விசாரிக்கப் போனவரிடம் குமாஸ்தா உள்ளதைச் சொன்னார். கெட்ட மனிதரல்ல. பதினான்காம் கட்டம் சரியாக நிரப்பப்படவில்லை, அதனால் அனுபவத்துக்கு மதிப்பெண் பூஜ்யம். வயர்லெஸ்ஸில் இருந்தேன் என்று ஒரே ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா என்று அவரே அங்கலாய்த்தார். மேல்முறையீடு செய்யலாம், ஆனால் அது முடிவதற்குள் வயது தாண்டிவிடும் என்றார். வெளியே அறிவிப்புப் பலகையில் இன்னொரு தாள் ஒட்டியிருந்தது. தகுதியான முன்னாள் படைவீரர் கிடைக்காத காரணத்தால், மீதி இரண்டு இடங்களும் பொதுப் பிரிவுக்கு மாற்றப்படுகின்றனவாம். அதை இரண்டு முறை படித்தார்.

தேர்வான மூவரில் ஒருவன் யார் தெரியுமா? மனைவியின் தம்பி. ஐந்து வருஷம் பட்டாளத்து ஸ்டோரில் பேட்டரி எடுத்துக் கொடுத்தவன். பதினான்காம் கட்டத்தில், தகவல் தொடர்புச் சாதனங்களின் மொத்த நிர்வாகமும் என் பொறுப்பு என்று அளந்துவிட்டு, இணைப்புத்தாள் வேறு இரண்டு வைத்திருந்தான். வேலையில் சேருவதற்கு முந்தின நாள் வந்து, "மாமா, வயர்லெஸ் செட்டு பாத்திருக்கீங்களா? எதை அமுக்கிட்டுப் பேசணும்?" என்று கேட்டான். பட்டாளத்தார் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். அடுப்படியில் பாத்திரங்கள் உருண்டன.

வயது தாண்டிய மறுவாரம், காவலாளி வேலைக்கு ஆள் எடுக்கும் ஒரு தனியார் கம்பெனிக்குப் போனார். அங்கேயும் ஒரு பாரம், அதிலும் முன் அனுபவம் என்று ஒரு கட்டம். வீட்டுக்கு எடுத்து வந்தார். பட்டது போதும் என்று இந்தத் தடவை எல்லாவற்றையும் எழுதினார். எந்த அலைவரிசை, எந்த எல்லை, தான் கேட்டு எழுதிய எந்த வாக்கியத்தால் எத்தனை பேர் உயிர் தப்பினார்கள், ஒன்று விடாமல் எழுதினார். கட்டம் போதாமல் பின்பக்கமும், அதுவும் போதாமல் தனித்தாளிலும் எழுதினார். வாக்குத் தவறிவிட்டோமே என்ற அவமானம் ஒரு பக்கம். இதையும் கோட்டைவிட்டால் அவள் முகத்தில் எப்படி விழிப்பது என்ற பயம் மறுபக்கம்.

மனைவிதான் முதலில் படித்தாள். "இந்த மனுஷனையா நான் ஒண்ணுத்துக்கும் லாயக்கில்லைன்னு திட்டினேன்?" என்று சொல்லிவிட்டு அழுதாள்.

மறுநாள் கம்பெனி மேனேஜர் அந்தத் தாள்களை வாங்கினார். அவருடைய மேஜை ஒரு பக்கமாக ஆடிக்கொண்டிருந்தது. தாள்களைப் பார்க்காமலே நான்காக மடித்து, குனிந்து, மேஜைக் காலுக்கு அடியில் செருகினார். ஆட்டம் நின்றது.

"இவ்வளவெல்லாம் எதுக்கு எழுதிக்கிட்டு? விசில் ஊதத் தெரியுமில்ல?"

பட்டாளத்தார் விறைப்பாக நின்றார். "தெரியும் சார்," என்றார்.