காங்கஸ் சாலையின் கடைசி ஒன்றரை மைல்

ஹெல்வி காங்கஸ் எந்த வண்டியில் ஏறினாலும், ஏறும் முன் இடது கையுறையை மட்டும் கழற்றிப் பல்லில் கவ்விக்கொள்வார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி, ஒவ்வொரு சக்கரத்தின் நட்டுகளையும் வெறும் விரலால் தொட்டுப் பார்ப்பார். எங்கள் பள்ளி பஸ்ஸை இருபத்தேழு வருடம் ஓட்டிய பெண்மணி. காங்கஸ் சாலை நெடுஞ்சாலையைத் தொடும் முனையில் எங்கள் வீடு. பஸ் திரும்புவது அங்கேதான் என்பதால், மூக்கு மயிர் உறையும் காலைகளிலும் அந்தச் சடங்கை நான் பார்த்திருக்கிறேன். கையுறையோடு தொட்டால் ஆகாதா என்று என் தம்பி ஒருநாள் கேட்டான். "கையுறை போட்டுத் தொட்டா எல்லா நட்டும் இறுக்கமாத்தான் இருக்கும்" என்றார். ஓய்வு பெற்ற பிறகும் பழக்கம் போகவில்லை. மளிகைக் கடையில் சாமான் தள்ளும் வண்டியின் சக்கரத்தைக்கூட அவர் குனிந்து தொட்டதை நான் பார்த்தேன்.

அவருக்கு அறுபத்தொரு வயதான ஆண்டில் ஊராட்சியிலிருந்து ஒரு கடிதம் போனது. அதை எழுதியது நான். எங்கள் வீட்டில் கல்லூரி முடித்த முதல் ஆள் என்பதால் ஊராட்சி அலுவலகத்தில் வேலை கிடைத்திருந்தது. நன்றாக எழுதுவேன் என்று பெயர். "காங்கஸ் சாலையின் கடைசி ஒன்றரை மைலுக்குக் குளிர்காலப் பராமரிப்பு நிறுத்தப்படுகிறது" என்று எழுதினேன். யார் நிறுத்துகிறார்கள் என்று எழுதவில்லை. அப்படி எழுதுவதுதான் நாகரிகம் என்று அப்போது நினைத்தேன்.

அந்த ஒன்றரை மைலின் முடிவில் ஒரே ஒரு வீடு. ஹெல்வியும் அவர் கணவர் ஆர்விடும். மர ஆலையில் முப்பது வருடம் தூள் குடித்த நுரையீரல் ஆர்விடுக்கு. மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு வீட்டுக்குள் நடமாடுவார். செவ்வாயும் வெள்ளியும் மாவட்டத்து நர்ஸ் வந்து பார்ப்பார். சாலை அடைபட்டு நர்ஸின் வருகை அடுத்தடுத்து இரண்டு முறை தவறினால் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிடுவார்கள். பிறகு நாற்பது மைல் தள்ளி, நகரத்து முதியோர் மருத்துவ இல்லம்தான். எங்கள் ஊரில் ஏரியிலிருந்து பனி வருவது விருந்தாளி வருகிற மாதிரி இல்லை. நவம்பரில் வந்தால் ஏப்ரல் வரை குடியிருக்கும்.

ஹெல்வி கடிதத்தோடு அலுவலகத்துக்கு வந்தார். ஊராட்சித் தலைவர் வெண்டல் பிரஸ்க் தெற்கேயிருந்து வந்து குடியேறியவர். கெட்ட மனிதர் இல்லை. கணக்கு பார்க்கிற மனிதர்.

"வெண்டல், என் சாலைய மூடுறியாமே?"

"மூடல ஹெல்வி. பனி அள்ள மாட்டோம், அவ்வளவுதான். ஒரு வீட்டுக்காக லாரி அனுப்ப முடியல."

"நாங்க ஒரு வீடுன்னு இன்னைக்குத்தான் எண்ணிப் பாத்தியா?"

"டவுன்ல வயசானவங்களுக்குன்னு நல்ல குடியிருப்பு இருக்கு. லிஃப்ட் இருக்கு. ஆர்விடுக்கும் சௌகரியம்."

"சாவ்னா இருக்கா?"

நீராவிக் குளியலறை இல்லாத வீட்டை எங்கள் ஆட்கள் வீடு என்று சொல்வதில்லை. அது வெண்டலுக்கும் தெரியும். "எல்லாருக்கும் பொதுவா ஒண்ணு இருக்கு" என்றார். "பேர் எழுதி வெச்சா நேரம் தருவாங்க."

"நாப்பத்தி நாலு வருஷமா ஆர்விட் முதுகுல நான் தண்ணி ஊத்துறேன், என் முதுகுல அவன் ஊத்துறான். இதுக்குப் பேர் எழுதி வெச்சுட்டு வரிசையில நிக்கச் சொல்றியா?"

வெண்டலின் காது சிவந்தது. ஹெல்வி கடிதத்தை மடித்தபடி என் பக்கம் திரும்பினார்.

"நல்லா எழுதியிருக்கு. யாரு, நீயா?"

"ஆமா."

"ஸ்கூல்லயும் நீதான் அடித்தல் திருத்தல் இல்லாம எழுதுவே."

அதைப் பாராட்டாகச் சொன்னாரா என்று இன்றும் எனக்குத் தெரியாது.

எங்கள் வீட்டுக்கு எதிரே ரெய்னோ அஹோலா இருக்கிறார். முன்னால் பனித்தகடு பொருத்திய லாரி வைத்திருப்பவர். ஒன்றரை மைல் பனியையும் தானே தள்ளித் தருவதாக அவர் சொன்னார். ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு புயலில் அவர் ஹெல்வி வீட்டு வழியைத் தள்ளிக் கொடுத்திருந்தார். தேவாலயத்தில் காபி நேரத்தில் அந்தக் கதையை அந்தக் குளிர்காலம் முழுக்கச் சொன்னார். அதிலிருந்து இருவரும் எதிரெதிர் வரிசைகளில் உட்காருகிறவர்கள்.

"உன் லாரி வந்தா என் சாலை திறக்கும். அப்புறம் உன் வாய் திறக்கும். எனக்கு ரெண்டாவது வேண்டாம், அதனால முதலாவதும் வேண்டாம்" என்றார் ஹெல்வி.

"அப்ப என்ன பண்ணுவே? கரண்டியால அள்ளுவியா?"

"டிராக்டர் இருக்கு. ப்ளோவர் வாங்கிப் பூட்டுறேன்."

பனியைத் திருகு போன்ற தகடுகளால் உள்ளிழுத்து, மேலே நீண்டிருக்கும் குழல் வழியாகக் காட்டுக்குள் வீசியடிக்கும் இயந்திரம் அது. ரெய்னோ சிரித்தார். "பின்னால மாட்டுறது வாங்கு. அதான் மலிவு. கழுத்தைத் திருப்பிட்டு ரிவர்ஸ்லயே போகணும், அவ்வளவுதான். ஊர்ல எல்லாரும் அப்படித்தான் ஓட்டுறாங்க."

"இருபத்தேழு வருஷம் முன்னாடி பாத்து ஓட்டினவ நான். இந்த வயசுல பின்னாடி போக மாட்டேன்."

படகை விற்று, முன்னால் மாட்டும் ப்ளோவரையே வாங்கினார். பழையது. முழு இயந்திரமாக வரவில்லை. ஒரு மரத்தட்டில் துண்டு துண்டாக வந்து இறங்கியது.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, அவர் கேட்டிருந்த சாலை வரைபடத்தைக் கொடுக்கப் போனேன். கொட்டகையில் அவருடைய சின்ன டிராக்டர் தாங்கிக் கட்டைகளின் மேல் நின்றது. வயிற்றடியில் இருந்த புல்வெட்டியையும் முன்கை வாளியையும் கழற்றி ஓரமாக வைத்திருந்தார். ஹெல்வியின் கால்கள் மட்டும் டிராக்டருக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தன. ஆர்விட் முக்காலியில் உட்கார்ந்து, ஆக்சிஜன் உருளையை மடியருகே சாய்த்து வைத்துக்கொண்டு, பொருத்தும் முறைப் புத்தகத்தை வாசித்துக்கொண்டிருந்தார். ஒரு வரிக்கு ஒரு மூச்சு.

"எட்டாவது படி. சட்டத்தை ரெண்டு பக்கமும் தூக்கிப் பிடிச்சு, எல்லா போல்ட்டையும் தளர்வா மாட்டு. எல்லாம் மாட்டினப்புறம்தான் முறுக்கணும்."

"ஏழு போல்ட் முறுக்கியாச்சு."

"அப்ப எட்டாவது ஓட்டைக்கு நேரா வராது."

பிறகு ஏழு போல்ட்டையும் தளர்த்தும் சத்தம் கேட்டது. ஆர்விட் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

ப்ளோவரைத் தாங்கும் சட்டம் உட்கார்ந்ததும் ஷாஃப்ட். எஞ்சினின் சுழற்சியை டிராக்டரின் வயிற்றிலிருந்து முன்னால் இருக்கும் ப்ளோவருக்குக் கொண்டுபோகும் இரும்புத் தண்டு. ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரண்டு குழாய்கள். டிராக்டருக்குத் தகுந்தாற்போல் அளந்து வெட்டிக்கொள்ள வேண்டும்.

"ப்ளோவரைத் தரையில வெச்சு ஒரு தடவை அள. தூக்கி ஒரு தடவை அள" என்றார் ஆர்விட்.

"தரையிலதானே ஓட்டப்போறேன்?"

"திருப்பும்போது தூக்குவே."

ஹெல்வி தரையில் வைத்தே அளந்தார், வெட்டினார், மாட்டினார். ப்ளோவரை மெதுவாகத் தூக்கினார். பாதி உயரத்தில் 'டொக்' என்று முட்டியது. உள்குழாய் வெளிக்குழாயின் அடியில் போய் இடித்துவிட்டது. இன்னும் தூக்கியிருந்தால் பல்சக்கரப் பெட்டி பிளந்திருக்கும். ஆர்விட் புத்தகத்தின் பக்கத்தை மட்டும் கொஞ்சம் சத்தமாகப் புரட்டினார்.

"நீளமா இருந்தா வெட்டிக்கலாம்" என்றார் ஹெல்வி, ரம்பத்தை எடுத்தபடி. "முதல்லயே குட்டையா வெட்டியிருந்தா நீ ஒட்டித் தருவியா?"

கடைசியாகத் திருகுத் தகடுகளைத் தண்டோடு பூட்டும் இரண்டு சின்ன போல்ட்டுகள். கல்லோ கட்டையோ சிக்கினால் முதலில் இவை முறிந்து, மற்றதைக் காப்பாற்றும். ஆர்விட் ஆலையிலிருந்து கொண்டுவந்த டப்பாவைக் காட்டினார். "இதைப் போடு. மலையே வந்தாலும் முறியாது."

"முறியணும் ஆர்விட். முறியறதுதான் அதோட உத்தியோகம். அதுக்குப் பதிலா பெட்டி உடைஞ்சா வசந்தம் வரைக்கும் நீ நகரத்து ஆஸ்பத்திரியில, நான் வரிசையில."

இடது கையுறையைப் பல்லில் கவ்வி, வெறும் விரலால் இரண்டையும் திருகி, தொட்டுப் பார்த்தார்.

நவம்பரில் முதல் பனி அரை முழம் விழுந்தது. வெண்டல் வண்டியை எடுத்துக்கொண்டு பார்க்கப் போனார். சாலை வெள்ளையாகவே கிடந்தது. ப்ளோவர் கொட்டகையில் நின்றது. ஹெல்வி வெறும் டிராக்டரை மேலும் கீழும் ஓட்டிப் பனியை அமுக்கிக்கொண்டிருந்தார். அந்த வாரக் கூட்டத்தில் வெண்டல், "சொன்னேனே, அவங்களால முடியல. சாலை சுத்தம் செய்யப்படலைன்னு குறிப்பு எழுதும்மா" என்றார்.

சரளைச் சாலையில் முதல் பனியை யாரும் வாரமாட்டார்கள். தரை இன்னும் உறைந்திருக்காது. வாரினால் கல்லும் சேர்ந்து பறக்கும். முதல் பனியை அமுக்கி, உறையவிட்டு, அதையே தரையாக ஆக்கிக்கொள்வது இந்த ஊரில் பிறந்த எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை. குறிப்பை எழுதினேன். அடித்தல் திருத்தல் இல்லாமல்.

தபால் நிலையத்தில் ரெய்னோ, "படகை வித்துட்டுப் பனிக்கு இஸ்திரி போடுறா" என்று சொல்லிச் சிரித்தார். அவருக்கும் காரணம் தெரியும். கேலிக்கு அது தடையில்லை. வெண்டல் எங்கள் வீட்டு முனையில் ஒரு தகரப் பலகை நட்டுவைத்தார்: 'குளிர்காலத்தில் இச்சாலை பராமரிக்கப்படாது.'

டிசம்பர் இரண்டாம் வாரம் மூன்று நாள் புயல். செவ்வாய்க்கிழமை நெடுஞ்சாலையே மூடியிருந்தது, நர்ஸ் வரவில்லை. அது ஒரு தவறுதல். வெள்ளிக்கிழமை காலை வானம் வெளுத்தது. நெடுஞ்சாலைக்கு மாவட்டத்து லாரி வந்து, எங்கள் முனையில் ஆளுயரப் பனிமேட்டைத் தள்ளிவிட்டுப் போனது. நர்ஸ் பத்தரைக்கு வரவேண்டும்.

அலுவலகம் விடுமுறை. சமையலறை ஜன்னலில் நின்றிருந்தேன். மரங்களுக்கு மேலே வெள்ளையாக ஒரு வில் எழுந்து, காற்றில் உதிர்ந்து, மெல்ல மெல்ல எங்களை நோக்கி வந்தது. ஒன்பதே முக்காலுக்கு அது பனிமேட்டைத் தொட்டது. திடீரென்று ஒரு கிறீச்சல். வில் அறுந்தது.

நான் ஓடினேன். ரெய்னோவும் வந்துவிட்டார். ஹெல்வி எஞ்சினை அணைத்து, எல்லாம் சுழன்று நின்ற பிறகு, ஒரு கட்டையால் ப்ளோவரின் வாயைக் குடைந்துகொண்டிருந்தார். மடங்கி நசுங்கி வெளியே வந்தது வெண்டலின் தகரப் பலகை. மாவட்டத்து லாரி அதைப் பிடுங்கிப் பனிக்குள் புதைத்திருக்கிறது. இரண்டு போல்ட்டும் முறிந்திருந்தன. கையிருப்பில் இருந்த இரண்டையும் வழியில் விழுந்து கிடந்த பிர்ச் மரக்கிளை தின்றிருந்தது.

"லாரியை விடவா?" என்றார் ரெய்னோ. "பத்து நிமிஷ வேலை."

"வேண்டாம்."

"நர்ஸ் பத்தரைக்கு வந்துரும், ஹெல்வி. அவன் மூச்சு சம்பந்தப்பட்டது."

"அவன் மூச்சு எனக்குத் தெரியும். உன்கிட்ட போல்ட் இருக்கா?"

"இருக்கு. நல்ல உறுதியானது, முறியவே முறியாது."

"முறியறது வேணும்."

ரெய்னோ சாலையைக் கடந்து தன் கொட்டகைக்குப் போனார். அறுபது வயதைத் தாண்டிய அந்த ஆள் பனியில் அவ்வளவு வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை. இரண்டு போல்ட்டோடு திரும்பி வந்தார்.

"கடன்" என்றார் ஹெல்வி.

"ரெண்டு போல்ட்டுக்கு என்ன கடன்? வெச்சுக்க."

"கடன்னு சொன்னேன்."

இடது கையுறை பல்லுக்குப் போனது. விரல் நுனி இரும்பில் ஒட்டிப் பிரிந்ததைப் பார்த்தேன். பத்து இருபதுக்கு வெள்ளை வில் மறுபடி எழுந்து மேட்டைத் தின்றது. நர்ஸின் கார் வந்து நின்றபோது முனை திறந்திருந்தது. நர்ஸ் ஜன்னலை இறக்கினார்.

"இங்க ஒரு போர்டு இருந்துச்சே?"

"எடுத்தாச்சு" என்றார் ஹெல்வி.

ஆர்விட் மூன்றாவது குளிர்காலத்தின் மார்ச்சில், தன் கட்டிலில், சாவ்னாவுக்குப் போய்வந்த மறுநாள் இறந்தார். அன்று காலை ஹெல்வி ஒன்றரை மைலையும் இரண்டு தடவை வாரினார், போகவர. சவ வண்டி ஒரு இடத்திலும் தயங்கவில்லை. அதன் பிறகும் ஐந்து குளிர்காலம் அந்த வீட்டிலேயே இருந்தார். ஊராட்சிக் கடிதம் ஆண்டுதோறும் போனது. இரண்டாம் ஆண்டிலிருந்து நான் 'ஊராட்சி நிறுத்துகிறது' என்று எழுதினேன். வெண்டல் கவனிக்கவில்லை. அது போதுமா என்று கேட்டால், போதாது.

புயலுக்கு அடுத்த திங்கட்கிழமையே ஹெல்வி இரண்டு புது போல்ட்டோடு ரெய்னோவின் வீட்டுக்குப் போயிருந்தார். ரெய்னோ வாங்கவில்லை. "நீ எனக்குக் கடன்பட்டிருக்கிறது நல்லா இருக்கு. அப்படியே இரு" என்றாராம். ஒவ்வொரு வசந்தத்திலும் ஹெல்வி கொண்டுபோனார். ஒவ்வொரு வசந்தத்திலும் திரும்பி வந்தார். ஆனால் அந்த போல்ட் கதையை மட்டும் இந்த முறை ரெய்னோ காபி நேரத்தில் யாரிடமும் சொல்லவில்லை.

ஹெல்வி ஓர் ஆகஸ்டில் இறந்தார். வீட்டைக் காலி செய்தபோது கொட்டகையில் ஒரு ஜாம் புட்டி கிடைத்தது. மேலே ஒட்டிய காகிதத்தில் 'ரெய்னோ, 2' என்று எழுதியிருந்தது. அதைக் கொண்டுபோய் அவர் கதவைத் தட்டினேன். புட்டியை வாங்கி, குலுக்கி, உள்ளே இருந்ததைப் பார்த்தார். மூடியைத் திறக்கவில்லை. என் கையிலேயே திருப்பி வைத்தார்.

"கடன் வாங்கினது நீயா?"

"இல்லை."

"அப்புறம் நீ ஏன் கொண்டு வரே? வாங்கினவளே வரட்டும்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.