சுடுகாட்டு மணலில் பறித்த விதை

விஷஜுரத்தில் என் மகன் பதினாறு வயதில் போனான். அதே ஜுரத்தில் கிடந்த என் பெண் பிழைத்தாள். அவளுக்குப் பதின்மூன்று வயது. முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்ததால் தலையை மழித்துவிட்டோம். அதன்பின் அவள் வாசலுக்கு வரவில்லை. பேச்சும் ஏறக்குறைய நின்றுவிட்டது. அவள் தூங்கும்போதெல்லாம் மூக்கருகே விரல் வைத்துப் பார்ப்பேன். இன்றும் அந்தப் பழக்கம் போகவில்லை.

அஸ்தி எடுக்கப் போன என் கணவர், கரமனை ஆற்றங்கரைச் சுடுகாட்டில் நித்தியகல்யாணி பூத்திருந்ததைப் பார்த்திருக்கிறார். முற்றிய நெற்றுகள் ஐந்தாறைப் பறித்து, இலையில் சுருட்டி, குளித்து முடிக்கும்வரை கரையில் வைத்திருந்து கொண்டுவந்தார். அங்கிருந்து ஒரு துரும்புகூட வீட்டுக்கு வரக்கூடாது. அது தெரியாதவர் அல்ல.

"வெறும் மணல்ல நிக்கறது. யாரும் ஜலம் விடல்லை" என்று மட்டும் சொன்னார்.

கடுகைவிடச் சிறிய கறுப்பு விதைகள். பாதியை உடைந்த சட்டியில் தூவினேன். முளைத்ததும் அரிசி களைந்த நீரை வேளைக்கு ஒருமுறை ஊற்றினேன். எங்கள் தெருவில் எந்தச் செடிக்கும் அதுதான் பால். ஒரு வாரத்தில் அத்தனை தண்டும் அழுகிச் சாய்ந்தன.

பெண் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தாள். "மதிம்மா, ஜலம் விட்டது போறும். கொஞ்சம் தாகிக்கட்டும்" என்றாள். பல நாளுக்குப் பின் அவள் தானாகச் சொன்ன வார்த்தை.

மீதி விதையை அவளே ஆற்றுமணலில் தூவினாள். சட்டிகளின் அடியில் ஓட்டை போட்டு ஓட்டுச்சில் பரப்பினாள். மணல் காய்ந்தபின்தான் நீர் தெளித்தாள். என் கையைக் கட்டிப்போட்டுக்கொண்டு நான் பார்த்திருந்தேன். கொல்லையில் பலா நிழல். ஆகவே சட்டிகளை வாசலில் வைத்தோம். அவளோ ஜன்னலோடு நின்றாள்; அவள் சொன்னபோது மட்டும் நான் நீர் தெளித்தேன். பங்குனி வெயிலில் கிணறு அடிமட்டத்துக்குப் போய், தெருவில் துளசிகூடத் துவண்டபோது, எங்கள் வாசலில் மட்டும் வெள்ளையும் ரோஜா நிறமுமாகப் பூத்தது.

அடுத்த வீட்டு மாமி விதை ஏது என்று கேட்டாள். என் கணவருக்குப் பொய் வராது.

மறுநாள் காலையில் சாஸ்திரிகள் மாமியோடு வந்து வாசலில் நின்றார்.

"சுடுகாட்டுச் செடியை வாசல்ல வளக்கறேளாமே. இதைப் பிடுங்காம பிள்ளையோட மாசிகத்துக்கு நான் வரமாட்டேன், கேட்டேளா?"

"ஒரு குழந்தையைக் கொடுத்தது போறாதாக்கும்?" என்றாள் மாமி.

நான் வளர்த்த துளசியும் இதே வாசலில்தான் இருந்தது. அது யாரைக் காத்தது?

"அப்போ வரண்டாம்" என்றேன். "செடி இங்கேதான் இருக்கும்."

"பொம்மனாட்டி பேசறா, நீர் பாத்துண்டு நிக்கறீரே ஓய்" என்று என் கணவரிடம் திரும்பினார்.

"கொண்டுவந்தது நானாக்கும்" என்றார் அவர்.

கதவு அசைந்தது. என் பெண் மொட்டைத் தலையோடு படியிறங்கி வந்தாள். முக்காடு இல்லை. மாமி வாயைப் பொத்திக்கொண்டாள். பெண் அவளைப் பார்க்கவில்லை. சட்டிகளின் அருகே குந்தி உட்கார்ந்து நிமிர்ந்தாள்.

"மாமா, கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ. செடிக்கு வெயில் மறைக்கறது."

சாஸ்திரிகள் நகர்ந்தார்.