சாக மறுத்த குதிரைப்படை

எங்கள் போர் விளையாட்டுச் சங்கத்துக்குத் தலைவர், செயலாளர், பெருக்கித் துடைப்பவர் எல்லாம் நான்தான். இன்றைய தேதிக்கு உறுப்பினரும் நான் ஒருவன்தான். வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசைத் தாண்டிப் புதிதாக வந்த மனைகளில், ஒரு மாடி வீட்டை வாடகைக்கு எடுத்துத் தனியாக இருக்கிறேன். இரண்டு அறைகள். ஒன்றில் நான் படுக்கிறேன். மற்றதை ஒரு மேசை முழுசாக அடைத்துக்கொண்டிருக்கிறது. ஆறடிக்கு நாலடி பிளைவுட். அதன்மேல் தெர்மோகோலில் செதுக்கிய மலைகள், பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரைப் பிய்த்து ஒட்டிய மரங்கள், ஒரு கோட்டை, ஓர் ஏரி, நெல் வயல்கள். தூசு படியாமல் எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கொசுவலை.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து, விரல் உயரப் பொம்மைப் படைகளை நகர்த்தி, பகடை உருட்டிச் சண்டை போடுகிற விளையாட்டு இது. சதுரங்கம் மாதிரி கட்டம் கிடையாது. அளவு நாடா வைத்து அளந்துதான் நகர்த்த வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு பேரும் தங்கள் கட்டளையை ஒரு துண்டுத் தாளில் ரகசியமாக எழுதி டம்ளருக்கு அடியில் வைத்துவிட்டு, ஒரே நேரத்தில் திறக்க வேண்டும். எழுதியதை மாற்றக்கூடாது. விழுந்த பகடையைத் தொடக்கூடாது. இந்த இரண்டு விதியையும் மீறினவன் வெளியே போகலாம் என்று சுவரில் நானே எழுதி ஒட்டியிருக்கிறேன்.

அலுவலகத்தில் நில அளவை வரைபடம் வரைவது என் வேலை. ஒரு கோடு ஒரு நூல் தள்ளிப்போனால்கூட எனக்குச் சாப்பாடு இறங்காது. சனிக்கிழமை சாயங்காலம் நான் பையைத் தூக்கினால் பக்கத்து மேசைக்காரர், "சார் சொப்பு வெச்சி விளையாடப் போறாரு, வழி விடுங்கப்பா" என்பார். கீழ்வீட்டு அம்மா இன்னும் ஒரு படி மேலே. மாடிக்குத் துணி காயப்போட வந்தவர் மேசையைப் பார்த்துவிட்டு, "காலாகாலத்துல கல்யாணம் பண்ணியிருந்தா இதெல்லாம் வெச்சி விளையாட ஒரு புள்ள இருந்திருக்கும் தம்பி" என்றார். இரண்டு வாரம் நான் அவரோடு பேசவில்லை. கோபம் போன பிறகுதான் அது கோபமே இல்லை என்று தெரிந்தது.

ஒரு காலத்தில் ஐந்து பேர் இருந்தோம். ரமணாசிரமம் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரர் வருவார். மௌனம் பழகத்தான் ஊருக்கு வந்தவர். பகடையில் ஆறு விழுந்தால் தெருமுனைக்குக் கேட்கிற மாதிரி கத்துவார். ஒரு செல்போன் கடைக்காரர், ஒரு கல்லூரி விரிவுரையாளர், கீழ்பென்னாத்தூரில் விதைக்கடை வைத்திருந்த நண்பர், நான். கோயில் தெருக் கடைகளில் பாக்கெட்டில் விற்கும் பச்சை பிளாஸ்டிக் சிப்பாய்களை வாங்கிவந்து, முண்டாசு கட்டி, பெயின்ட் அடித்து, நவாப் படையாகவும் செஞ்சிக் கோட்டைப் படையாகவும் மாற்றினோம். காலையில் பத்து மணிக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்க நாலு மணி ஆகும். நடுவில் டீயும் போண்டாவும். அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்று யாரிடமும் சொன்னதில்லை.

வெள்ளைக்காரருக்கு விசா முடிந்தது. செல்போன் கடைக்காரருக்குக் கல்யாணம் ஆனது. விரிவுரையாளரை நானே விரட்டினேன். அவருடைய பீரங்கி என் படையை எட்டுமா எட்டாதா என்று அரை அங்குலத்துக்காக ஒரு மத்தியானம் முழுக்கச் சண்டை போட்டேன். அளந்து பார்த்ததில் நான் சொன்னதுதான் சரி. அவர் அதற்குப் பிறகு வரவில்லை.

மிச்சம் இருந்தவர் விதைக்கடை நண்பர். என் வயதுதான். முதல் நாளிலிருந்து நான் அவரை "சார்" என்பேன், அவரும் என்னை "சார்" என்பார். எட்டு வருடம் ஒரு ஞாயிறு தவறாமல் வந்தார். ஞாயிற்றுக்கிழமை பௌர்ணமி வந்தால் பஸ்களை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். அன்றும் கிரிவலக் கூட்டத்துக்குள் புகுந்து, பொம்மை டப்பாவைக் கட்டிப்பிடித்தபடி நடந்தே வந்து சேருவார்.

போன வருடம் அவர் மனைவிக்குக் கோயம்புத்தூருக்கு வேலை மாற்றல் வந்தது. கடையை அண்ணனிடம் கொடுத்துவிட்டு, அங்கே ஒரு பம்பு கம்பெனியில் தனக்கும் ஒரு வேலை பார்த்துக்கொண்டு கிளம்பினார். கடைசி ஞாயிறு அன்று மேசையில் சண்டை பாதியில் நின்றது. செஞ்சிக் கோட்டை அவருடையது. முற்றுகை போட்டிருந்த நவாப் படை என்னுடையது. கோட்டைக்கு வெளியே ஏரிக்கரையில் அவருடைய குதிரைப்படை. அது அழிந்தால் கோட்டைக்குத் தானியம் வரும் வழி அடைபடும், எனக்கு வெற்றி. அந்தக் குதிரைகளில் ஒன்றாவது என் பாசறைக் கூடாரத்தைத் தொட்டுவிட்டால் அவருக்கு வெற்றி.

"பாதியில வுட்டுட்டுப் போறமே சார்" என்றார் மேசையைப் பார்த்தபடி.

"ஏன் வுடணும்? கட்டளைய வாட்ஸப்ல அனுப்புங்க. உங்களுக்கும் சேத்து நானே உருட்டறேன். போட்டோ எடுத்து அனுப்பறேன். வாரம் ஒரு சுத்து."

அவர் செருப்பைப் போட்டுக்கொண்ட பிறகுதான், "சரிங்க சார்" என்றார். நான் அந்தச் 'சரி'யை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

அப்படியே நடந்தது. ஞாயிறு காலை பத்து மணிக்கு நான் என் கட்டளையை எழுதி டம்ளருக்கு அடியில் வைத்துவிட்டு போனையே பார்த்துக்கொண்டிருப்பேன். அவருடைய செய்தி வந்ததும் இரண்டு பக்கத்துப் படையையும் நகர்த்துவேன். அவருக்குச் சிவப்புப் பகடை, எனக்குக் கறுப்பு. எதிர் நாற்காலி காலியாக இருந்தாலும் அவருக்கு உருட்டும்போது எழுந்து அந்தப் பக்கம் போய் நின்றுதான் உருட்டுவேன். முதலில் பக்கம் பக்கமாக எழுதினார். எந்தப் படை எத்தனை அங்குலம், எந்த மரத்துக்கு மறைவில் என்றெல்லாம். பிறகு இரண்டு வரி ஆனது. பிறகு ஒரு வரி.

ஒரு வாரம், "குதிரை எல்லாம் வயலில் இறங்கட்டும்" என்று வந்தது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சேற்று வயலில் குதிரைக்குப் பாதி வேகம்தான். அதுவும் என் நாலு பீரங்கிகளுக்கு நேர் எதிரே! எட்டு வருடத்தில் அவர் அப்படி ஒரு தப்பு செய்ததில்லை. இதில் ஏதோ பெரிய தந்திரம் இருக்கிறது என்று மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டேன். அடுத்த வாரமும் அங்கேயே நிற்கச் சொன்னார். பன்னிரண்டில் அதுவரை ஏழு குதிரைகள் இருந்தன, இப்போது மிஞ்சியது மூன்று.

அதற்கு அடுத்த ஞாயிறு நான் நாலு கறுப்புப் பகடையை உருட்டினேன். ஐந்தோ ஆறோ விழுந்தால் ஒரு குதிரை காலி. ஆறு, ஐந்து, ஆறு, இரண்டு விழுந்தது. மூன்று குதிரையும் செத்தது. நான் ஜெயித்துவிட்டேன்.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். படம் எடுக்கப் போனைக் கையில் எடுத்தவன் அப்படியே கீழே வைத்தேன். போட்டோவை அனுப்பினால், "சூப்பர் சார், நல்ல ஆட்டம்" என்று ஒரு பதில் வரும். அதோடு முடிந்தது. அதற்கு அடுத்த ஞாயிறு பத்து மணிக்கு எனக்கு யாரும் எதுவும் எழுதப்போவதில்லை. பயமாக இருந்தது, அவ்வளவுதான். விரலை நீட்டி இரண்டு பகடையைப் புரட்டினேன். ஒன்று, மூன்று. ஒரே ஒரு குதிரையை எடுத்துவிட்டுப் போட்டோ பிடித்து அனுப்பினேன். அரை அங்குலத்துக்காக ஓர் ஆளை விரட்டினவன் செய்த காரியம் இது.

மிஞ்சிய இரண்டு குதிரைகளும் என் பீரங்கிகளுக்கு எதிரே நாலு மாதம் சேற்றில் நின்றன. ஜெயிப்பதற்காக ஏமாற்றுகிறவனுக்குப் பாடு கம்மி. தோற்காமலும் ஜெயிக்காமலும் இழுத்துக்கொண்டே போக ஏமாற்றுகிறவன் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு இருக்க வேண்டும். புரட்டின பகடையும் இயல்பாக விழுந்த மாதிரி தெரிய வேண்டும். ஒரு தடவை, "இன்னுமா சாவல சார்?" என்று கேட்டு எழுதினார். "உங்க அதிர்ஷ்டம் சார்" என்று பதில் போட்டேன். வெகுநேரம் கழித்து ஒரு கட்டைவிரல் படம் வந்தது.

இந்த வருடம் வேர்க்கடலை பிடுங்குகிற சமயம். ஒரு ஞாயிறு பத்து மணி தாண்டியும் அவரிடமிருந்து செய்தி வரவில்லை. போன வாரம் மாதிரியே நிற்கட்டும் என்று நானே முடிவு செய்து உருட்டினேன். ஆறு, ஆறு, நாலு, ஐந்து. வழக்கம்போல விரலை நீட்டி முதல் பகடையைப் புரட்டினேன். இரண்டாவதில் கை வைத்தபோது கதவு ஓரத்தில் குரல் கேட்டது.

"என்னா சார் பண்றீங்க?"

கையில் ஒரு துணிப்பையோடு அவர் நின்றிருந்தார். செருப்பைக் கீழேயே கழற்றிவிட்டு வந்ததால் சத்தமே கேட்கவில்லை. எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. என் விரல் பகடையின் மேலேயே இருந்தது.

உள்ளே வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தார். பையை மேசைக்கு அடியில் வைத்தார். "ஊர்ல மல்லாட்ட புடுங்குறாங்க. உங்களுக்குக் கொஞ்சம் எடுத்தாந்தேன்" என்றார். பிறகு வயலில் நின்ற தன் இரண்டு குதிரைகளைப் பார்த்தார். "எத்தினி வாரமா சார்?"

"நாலு மாசமா."

"எதுக்கு சார்?"

எனக்குப் பொய் வரவில்லை. "ஆட்டம் முடிஞ்சிட்டா நீங்க எழுதமாட்டீங்கன்னு" என்றேன். சொல்லும்போதே காது சுட்டது.

அவர் இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "தோத்துடலாம்னுதான் சார் நானும் நாலு மாசமா பாக்கறேன். வேணாம்னு நேரா சொன்னா மனசு கஷ்டப்படுவீங்க. தோத்துட்டா ஒழுங்கா முடிஞ்ச மாதிரி இருக்குமேன்னு வயல்ல எறக்கி வுட்டேன். என்னா பண்ணாலும் சாவமாட்டேங்குதே இந்தக் குதிரைங்கன்னு..." அதற்கு மேல் பேச முடியாமல் சிரிக்க ஆரம்பித்தார். நானும் சிரித்தேன். கீழ்வீட்டு அம்மா மாடிப்படி வரைக்கும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

சிரித்து ஓய்ந்த பிறகு அவர் சொன்னார். "ஞாயித்துக்கெழம ஒரு நாளுதான் சார் நாங்க எல்லாரும் வூட்ல இருக்கறது. அன்னிக்கும் நான் போன நோண்டினு இருந்தா எப்டி சொல்லுங்க?"

"தப்பு என்னோடது சார்" என்றேன். உண்மையில் எனக்குக் கோபம் வந்தது. அவர் மேலா, கோயம்புத்தூர் மேலா என்று தெரியவில்லை. வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் இந்த நாலு மாதம் திருட்டுத்தனம் செய்திருக்க வேண்டியதில்லை. ஆனால் சொல்லியிருந்தால் நான் என்ன ஆகியிருப்பேன் என்பதும் எனக்குத் தெரியும்.

"வந்தது வந்துட்டேன். முடிச்சிட்டே போறேன், புதுசா உருட்டுங்க" என்றார்.

அன்று அவர் பழைய ஆளாக விளையாடினார். கட்டளையை எழுதி டம்ளருக்கு அடியில் தள்ளிவிட்டு, கையைத் தேய்த்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். குதிரைகள் சேற்றிலிருந்து வெளியே வந்தன. குன்றுக்குப் பின்னால் சுற்றின. யாரும் தொடாத என் பகடை ஒன்றும் இரண்டுமாக விழுந்தது. வேர்க்கடலையை உரித்துத் தின்றுகொண்டே ஆடினோம். மூன்றரை மணிக்கு அவருடைய இரண்டு குதிரைகளும் என் கூடாரத்தைத் தொட்டுக்கொண்டு நின்றன.

"ஜெயிச்சிட்டேனே சார்" என்றார், ஏதோ தப்பு செய்துவிட்டவர் மாதிரி.

பஸ் ஏற்றிவிடப் போனேன். படியில் கால் வைத்தபோது, "போன் பண்ணுங்க சார். ஆட்டம் இல்லாட்டி என்னா? சும்மா பேசலாம்" என்றார். நிஜமாகத்தான் சொன்னார்.

அடுத்த ஞாயிறு பத்து மணிக்கு போன் செய்தேன்.

"சொல்லுங்க சார்."

"சும்மாதான் சார்."

அங்கே மழையா என்று கேட்டேன். இல்லை என்றார். இங்கே வெயில் ஜாஸ்தி என்றேன். சாப்பிட்டாகிவிட்டதா என்று அவர் கேட்டார், ஆகிவிட்டது என்றேன். அந்தப் பக்கம் மிக்சி ஓடுகிற சத்தம் கேட்டது. யாரோ யாரையோ கூப்பிட்டார்கள். அவர் காத்திருந்தார். எதையாவது கேட்க வேண்டுமே என்று கேட்டேன்.

"பையன் என்ன படிக்கிறான் சார்?"

மிக்சி நின்றுவிட்டது.

"எனக்கு ரெண்டும் பொண்ணுங்க சார்" என்றார். "பெரியவ இந்த வருஷம் காலேஜ் சேந்துட்டா. சின்னவ பத்தாவது."

புதிதாகச் சேர்ந்தவருக்கு விதிகளைச் சொல்லிக்கொடுப்பது போல, பொறுமையாகத்தான் சொன்னார். அவருக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். எட்டு வருடம் மூன்றடி தூரத்தில் எதிரே உட்கார்ந்திருந்த மனிதர். நான் பார்த்ததெல்லாம் அவர் கை அடுத்து எந்தப் படையின் மேல் போகிறது என்பதை மட்டும்தான்.

போனை வைத்துவிடலாமா என்று இருந்தது. வைக்கவில்லை. பொண்ணுங்க பேர் என்ன சார் என்று கேட்டேன்.