கெட்டுப்போக விட்ட பம்ப்

கிட்வே செப்புச் சுரங்கத்தில் இருபது வருடம் தண்ணீர் இறைக்கும் பம்புகளோடு மல்லுக்கட்டிய இன்ஜினியர் ந்கண்டு, வேலையை உதறிவிட்டு முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தபோது தெருவே சிரித்தது. கணவர் கபாம்ப்வேக்கும் வாய் சும்மா இருக்கவில்லை.

"பேரன் எடுக்கிற வயசுல பையைத் தூக்கிட்டுக் கிளம்புறே. மத்தியானத்துக்கு டப்பா கட்டித் தரவா, பாப்பா?"

"கட்டிக் குடு. நிஷிமாக் களியைத் தாராளமா வை. கருவாடு வேணாம், லேப் நாறிடும்."

கேலியெல்லாம் ந்கண்டுவுக்குத் தூசு. மனதை அரித்தது வேறு. பல வருடங்களுக்கு முன் ஒரு மழைக்காலத்து வெள்ளிக்கிழமை, சுரங்கத்தின் அடியில், ஸ்க்ரூடிரைவர் நுனியைப் பம்பிலும் பிடியைக் காதிலும் வைத்துக் கேட்டு, "நல்லாத்தான் ஓடுது" என்று சொல்லிவிட்டு மேலே வந்தார். ஞாயிறன்று பேரிங் இறுகிப் பம்ப் நின்றது. கழுத்தளவுத் தண்ணீரில் தத்தளித்துத்தான் ஆட்கள் மேலே வந்து சேர்ந்தார்கள். யாரும் சாகவில்லை, யாரும் அவரைக் குறை சொல்லவும் இல்லை. ஆனாலும் அந்தச் சத்தத்தைத் தன் காது தவறவிட்டதா, இல்லை கேட்கவே முடியாத சத்தமா என்று தெரியாமல் அவருக்கு நிம்மதி இல்லை. அதைக் கண்டுபிடிக்கத்தான் படிக்க வந்தார்.

வழிகாட்டி சிம்விங்கா சின்னப் பையன். ஒரு காலத்தில் சுரங்கத்துக்குப் பயிற்சிக்கு வந்து அவரிடமே திட்டு வாங்கியவன். ஆராய்ச்சி கேட்க எளிதுதான். லேப்பில் ஒரு பம்பைத் தானாகக் கெட்டுப்போகும்வரை ஓடவிட வேண்டும். அதில் ஒட்டிய கருவி ஒவ்வொரு அதிர்வையும் பதிவு செய்யும்.

மாதக்கணக்கில் ஓடிய பம்ப் ஒரு காலையில் கரகரத்தது. ந்கண்டுவின் கை யோசிக்கவே இல்லை. கிரீஸை ஏற்றி, சத்தம் அடங்கியதும் திருப்தியாகக் கையைத் துடைத்துக்கொண்டார். இருபது வருடப் பழக்கம் லேசில் விடுமா!

சிம்விங்கா தலையில் கை வைத்தான். "அம்மா! அது சாகிறதைப் பாக்கத்தானே இத்தனை நாள் காத்துக் கிடந்தோம். நீங்க வைத்தியம் பாத்துட்டீங்களே!"

"கை கேக்கலைடா."

"வருஷக் கடைசிக்குள்ள முழுப் பதிவு ஒண்ணு இல்லேன்னா, உங்களை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

புது பேரிங் மாட்டி மறுபடி ஆரம்பித்தார்கள். வருடம் முடியப்போகும் நேரத்தில், ஒரு வியாழக்கிழமை, அதே கரகரப்பு. ந்கண்டுவின் கை தானாகக் கிரீஸை நோக்கிப் போனது. கீழே யாருமில்லை, கீழே யாருமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டார். வெள்ளிக்கிழமை பம்ப் அலறியது, புகைந்தது, நின்றது. அவர் வெட்கப்படாமல் அழுதார்.

சிம்விங்கா பதிவைத் திரையில் விரித்தான். "உங்க காதுக்கு எப்போ கேட்டுச்சு?"

"நேத்து காலையில."

"இங்க பாருங்க. திங்கக்கிழமையே கத்த ஆரம்பிச்சிருக்கு. மனுஷக் காதுக்கு எட்டாத சத்தம்."

அந்த அதிர்வுக் கோட்டின் மேல் ந்கண்டு விரலை வைத்தார். "அப்போ, சுரங்கத்துல அன்னிக்கு வெள்ளிக்கிழமை..."

"நிக்கிறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி யார் காதுக்கும் கேட்டிருக்காது, அம்மா."

அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டார். எத்தனையோ வருடமாக நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கியது. ஆனால் கீழே இன்னும் ஆட்கள் வேலை செய்துகொண்டுதானே இருக்கிறார்கள்.

"இந்தக் கருவியைச் சுரங்கத்துக்குக் கொண்டுபோக எவ்வளவு நாளாகும்?" என்று கேட்டார்.